இரவல் கோடில் பாலிசி பிடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் நாளிதழின் வரி விளம்பரங்களில் ஒன்றைப் பார்த்தேன். 'இல்லத்தரசிகளுக்கு இன்சூரன்ஸ் வேலை. பரீட்சை கிடையாது' என்று போட்டு, கீழே ஒரு செல்போன் எண். கூப்பிட்டுக் கேட்டேன். "எங்க கோடுலயே பாலிசி போட்டுக்கலாம்மா, கமிஷன்ல பாதி உங்களுக்கு" என்றார் பேசியவர். கோடு என்பது நிறுவனம் ஒரு ஏஜென்டுக்குக் கொடுக்கும் எண். அன்றைக்கு எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. இதே பேச்சை நம்பித்தான் என் வாழ்க்கையில் பத்து வருஷம் போனது.

2004-ல் குடியாத்தம் பிச்சனூரில் என் வீட்டுக்காரருக்கு லுங்கித் தறிதான் பிழைப்பு. பாவு கிடைத்த வாரம் கூலி உண்டு, கிடைக்காத வாரம் கடன். குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர் ஆயுள் காப்பீட்டு ஏஜென்டாக இருந்தார். எனக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. ஆனால் அன்றைய விதிப்படி, 5,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர் என்றால் பன்னிரண்டாவது தேறியிருக்க வேண்டும். அதற்குச் சின்ன ஊர் என்றால்தான் பத்தாவது போதும். குடியாத்தம் நகராட்சி, நான் பத்தாவது. "நீ ஆளைப் பிடிம்மா, கையெழுத்து நான் போடறேன்" என்றார் அவர்.

பத்து வருஷம் ஆள் பிடித்தேன். பீடி சுற்றும் பெண்கள்தான் என் பாலிசிதாரர்கள். மூன்று மாதப் பிரீமியத்தை ஒரே தவணையில் கட்ட அவர்களால் முடியாது. வாரக்கூலி வாங்கிய அன்று போய் நின்றால், மடியில் இருக்கும் முறத்தை இறக்காமலேயே ஐம்பது, நூறு எடுத்துத் தருவார்கள். நோட்டில் எழுதிச் சேர்த்து, கெடு தேதிக்குள் கிளை அலுவலகத்தில் கட்டி, ரசீதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பேரணாம்பட்டு ரோட்டில் லாரி மோதி ஒரு பெண்ணின் கணவர் இறந்தபோது, இறப்புச் சான்றிதழுக்கு அலைந்தது முதல் பணம் அவள் கணக்கில் ஏறியது வரை கூடவே இருந்தேன். அந்த விண்ணப்பத்தில் ஏஜென்ட் என்ற இடத்தில் இருந்தது அவர் பெயர். மொத்தம் 160 பாலிசிக்கு மேல், எல்லாவற்றிலும் அவர் பெயர்தான்.

2014-ல் அவர் மாரடைப்பில் போய்விட்டார். ஏஜென்ட் இறந்தால், நிபந்தனைகள் பூர்த்தியாகி இருந்தால், பழைய பாலிசிகளுக்குப் பிரீமியம் கட்டக் கட்ட வரும் புதுப்பிப்பு கமிஷன் வாரிசுக்குப் போகும். அது சரியான ஏற்பாடு, அதில் எனக்குக் குறை இல்லை. அவர் மனைவியும் கெட்டவள் அல்ல. "இன்னா யக்கா பண்றது, எல்லாம் அவரு பேர்லதானே கீது" என்று அவளும் அழுதாள். அலுவலகத்தில் விசாரித்தேன். ஏட்டில் என் பெயர் எங்குமே இல்லை என்றார்கள். அன்றைக்கு நோட்டை மூடி வைத்தவள் இரண்டு வருஷம் திறக்கவில்லை.

பாதிக்கப்பட்டவள் என்று மட்டும் என்னைச் சொல்லிக்கொண்டால் அது முழு உண்மை ஆகாது. நான் செய்ததும் சட்டத்துக்குப் புறம்பு. காப்பீட்டுச் சட்டம் 1938-ன் 42-வது பிரிவு 2015 திருத்தத்தின்படி சொல்வது இது: முறையாக நியமனம் பெறாமல் ஏஜென்ட் வேலை செய்பவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். அப்படிப்பட்டவரை வைத்து வியாபாரம் நடத்தும் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை. கமிஷனில் பாதி என்பதும் வெறும் வாய்ப்பேச்சு. ஏஜென்டாகவோ இடைத்தரகராகவோ பதிவில்லாத ஆளுக்குக் கமிஷன் கொடுக்கக் கூடாது என்பதே சட்டம். ஏமாந்தவள் கேட்டு வாங்கப் போக ஒரு வாசல் கிடையாது.

இப்போது இரவல் கோடுக்கு அவசியமே இல்லை. 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நம்மை நியமிப்பது அந்தந்த நிறுவனம்தான். லைசென்சு என்று நாங்கள் இன்னும் வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, கையில் வருவது நியமனக் கடிதமும் கோடு எண்ணும் அடையாள அட்டையும். எந்த ஊராக இருந்தாலும் பத்தாவது போதும். பான் கார்டு வேண்டும். 25 மணி நேரப் பயிற்சி, பிறகு ஐசி 38 என்ற தேர்வு. தமிழிலேயே எழுதலாம். கம்ப்யூட்டரில் 50 கேள்வி, ஒரு மணி நேரம், நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. 2017-ல் நான் எழுதினேன். புத்தகத்தைவிட என்னைப் பயமுறுத்தியது மவுஸ்தான், அதுவரை அதைத் தொட்டதே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் மூன்று ராத்திரி உட்கார்ந்து பழக்கிவிட்டான். வேலூருக்குப் பஸ் ஏறிப் போய் எழுதிவிட்டு வந்தேன், தேறினேன். போட்டோ ஒட்டிய அட்டை வந்த அன்று அதைக் கெங்கையம்மன் படத்தின் கீழே வைத்துக் கற்பூரம் ஏற்றினேன்.

காட்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் அக்கா மகன் கதையையும் சொல்ல வேண்டும். கடையில் 'எல்லா கம்பெனி வண்டி இன்சூரன்சும் போடப்படும்' என்று போர்டு மாட்டினான். யாரோ ஒருவருடைய லாகினை வாங்கி வைத்துக்கொண்டு பாலிசி அடித்துக் கொடுத்தான். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் காலத்து கோடு, இவன் காலத்தில் லாகின். உட்கார வைத்துச் சொன்னேன்: தனி ஏஜென்ட் என்றால் ஆயுள் காப்பீட்டில் ஒரு நிறுவனம், பொதுக் காப்பீட்டில் ஒன்று, மருத்துவக் காப்பீட்டில் ஒன்று என்று வகைக்கு ஒன்றுதான். பல நிறுவனங்களுடையதை விற்க வேண்டுமானால் வழி வேறு. கம்பெனியாகப் பதிந்து கார்ப்பரேட் ஏஜென்ட் ஆகலாம். அதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவும், தகுதியும் பயிற்சியும் உள்ள முதன்மை அதிகாரியும், தேர்வு எழுதிய விற்பனை ஆட்களும் வேண்டும். ஜெராக்ஸ் கடைக்கு அது ஆகாது. அவனுக்கு ஒத்துவந்தது பி.ஓ.எஸ்.பி. (பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பர்சன்) என்கிற முறை. ஒரு புரோக்கர் நிறுவனத்தின் கீழ் 15 மணி நேரப் பயிற்சி, அவர்களே வைக்கும் தேர்வு. வண்டி இன்சூரன்ஸ் மாதிரி எளிய பாலிசிகளை விற்கலாம், விற்கும் ஒவ்வொன்றிலும் அவனுடைய அடையாளம் பதிவாகும். இப்போது அப்படித்தான் செய்கிறான். போர்டையும் மாற்றிவிட்டான்.

ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பீமா சகி திட்டம் பற்றியும் எங்கள் தெருவில் பேச்சாக இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்தது. பத்தாவது தேறிய பெண்களுக்கு முதல் வருஷம் மாதம் 7,000, அடுத்து 6,000, மூன்றாம் வருஷம் 5,000 ரூபாய் உதவித்தொகை. நல்ல திட்டம். ஆனால் அது சம்பள வேலை இல்லை, பாலிசி பிடித்துக் காட்டினால்தான் தொகை. இதைத் தெரிந்துகொண்டு சேரட்டும். தெரியாமல் சேர்ந்து மனம் ஒடிந்தவர்களோடு நான் பேசியிருக்கிறேன்.

பாலிசி எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வீட்டுக்கு வருகிறவரிடம் அட்டையைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்ட வேண்டியது ஏஜென்டின் கடமை. கமிஷன் எவ்வளவு என்று கேட்டாலும் சொல்லியாக வேண்டும். என்னிடம் கேட்டவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

ஆசிரியர் ஐயாவுக்கு என் வேண்டுகோள்: 'பரீட்சை கிடையாது' என்று வரும் காப்பீட்டு விளம்பரங்களை வாங்காதீர்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால், எந்த நிறுவனம், யாருடைய கோடு என்று கேட்டு அதையும் சேர்த்து அச்சிடுங்கள். அந்த எண்ணுக்கு எங்கள் தெருவிலிருந்து மட்டும் இரண்டு பெண்கள் போன் செய்திருக்கிறார்கள். இரண்டு பேரும் பத்தாவது தேறியவர்கள். என் பழைய நோட்டை எடுத்து அவர்களிடம் காட்டினேன். ஒருத்திக்கு பான் கார்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. இன்னொருத்தியின் மார்க் ஷீட் அம்மா வீட்டில் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன் என்றிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு பெண் ஏஜென்ட்,
பிச்சனூர், குடியாத்தம்.