லேப்டாப்பை அதுக்குள்ள திருப்பிக் கொடுத்துராதே

மக்கா,

மூணு வாரமா பதில் போடல, மன்னிச்சிரு. அம்மைக்கு முட்டுவலி எப்படி இருக்கு? தக்கலையில எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு.

மகளோட புது லேப்டாப்புல வைஃபை அறுந்து அறுந்து வருதுன்னு எழுதியிருந்தே. அதே கட்டில்ல உன் போன் நல்லா ஓடுதுன்னா லைன்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதே. நீ போவே, எனக்குத் தெரியும்.

எந்தப் பக்கம் அறுகுதுன்னு முதல்ல பிடிக்கணும். கமாண்ட் பிராம்ப்ட்ல, அதான் ஸ்டார்ட்ல cmd-ன்னு தேடினா வர்ற கறுப்பு ஜன்னல்ல, ஐபிகான்ஃபிக் (ipconfig) அடி. டிஃபால்ட் கேட்வேன்னு ஒரு எண் வரும், அதுதான் உன் ரூட்டர். பிங் (ping), ஒரு இடைவெளி, அந்த எண், இன்னொரு இடைவெளி, சின்னக் கோடு, டீ (-t). இப்படி அடிச்சு பத்து நிமிஷம் ஓட விடு. இன்னொரு ஜன்னல்ல 8.8.8.8-க்கும் அதே மாதிரி, அது வெளியே இருக்கிற கூகுள் சர்வர். ரூட்டர் அஞ்சு மில்லிசெகண்டுக்குள்ள பதில் சொல்லி வெளியே மட்டும் டைம்ட் அவுட், அதாவது பதில் வரலன்னு, வந்தா கோளாறு லைன்ல. ரூட்டருக்கே டைம்ட் அவுட் வந்தா லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவுல.

எனக்கு ரெண்டாவதுலதான் சந்தேகம். உங்க ரூட்டர் முன் அறையில டிவிக்குப் பின்னால, பிள்ளை படிக்கிறது பின் அறையில. நடுவுல அந்தப் பழைய கனத்த சுவரும் இரும்பு பீரோவும். வைஃபைக்கு ரெண்டு அலைவரிசை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா சுவரைத் தாண்டத் திணறும். 2.4 தாண்டும், வேகம் கம்மி. ரெண்டுக்கும் ஒரே பேர் இருந்தா லேப்டாப் இங்கேயும் அங்கேயும் தாவும், தாவுற நேரத்துல பிள்ளையோட ஆன்லைன் வகுப்பு நின்னுரும். ரூட்டர் செட்டிங்ல ரெண்டுக்கும் தனித்தனிப் பேர் வை. பின் அறைக்கு 2.4 போதும். அதே செட்டிங்ல 2.4-க்கு சேனலை ஆட்டோவுல விடாம 1, 6, 11-ல கூட்டம் குறைஞ்சது ஒண்ணு, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். லேப்டாப்புல யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தா கழற்றிப் பாரு, அந்த இரைச்சல் 2.4-ஐக் கெடுக்கும்.

அடுத்து டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர், வைஃபை கார்டு, பவர் மேனேஜ்மென்ட். மின்சாரம் மிச்சம் பிடிக்க கார்டை அணைக்கிற டிக்கை எடுத்துரு. அந்தப் பக்கமே காணலன்னா கவலைப்படாதே, புது மாடல் சிலதுல இருக்காது. அந்தக் கார்டை ஓட்டுற மென்பொருளான டிரைவரை லேப்டாப் கம்பெனியோட தளத்துல அந்த மாடல் எண்ணைப் போட்டே எடு.

இவ்வளவும் செஞ்சு, ரூட்டருக்கு ரெண்டு மீட்டர்ல வச்சும் டைம்ட் அவுட் வந்தா கார்டோ ஆன்டெனாவோ பழுது. நீ திறக்காதே, வாரண்டி போனாலும் போயிரும். கடைக்காரர் மாத்தித் தர்ற நாள் முடியுமுன்ன கொண்டு போ.

ஒண்ணு மட்டும் தட்டிக் கழிக்காதே. பரீட்சை அன்னைக்கு வைஃபையை நம்ப வேண்டாம். ரூட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு நேரா இழுக்க 15 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிள் வாங்கு. லேப்டாப்புல லேன் துளை இல்லன்னா யூஎஸ்பி கன்வெர்ட்டரும் வேணும். கறண்டு போனா ரூட்டர் திரும்ப எழும்ப ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அதுக்கு மினி யூபிஎஸ் ஒண்ணு. அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட்டுக்கு ஒத்துப் போகணும், கேட்டியா. ஐப்பசி இடிக்கு பிளக்கைப் பிடுங்கிப் போடு, ஃபைபர் வழியா மின்னல் வராட்டாலும் கறண்டு கம்பி வழியா வரும்.

அந்த ரெண்டு பிங் ஜன்னலையும் போட்டோ எடுத்து இன்னைக்கு ராத்திரியே அனுப்பு. நான் முழிச்சிருப்பேன்.