நேரோகேஜ் பாதையும் டீசல் ரயில்காரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவின் எலகங்காவிலிருந்து சிக்கபள்ளாபூர், கோலார் வழியாகப் பங்காருபேட்டைக்குச் சென்ற நேரோகேஜ் என்னும் குறுகிய ரயில் பாதையைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மைசூர் சமஸ்தானக் காலத்தில், 1910களில் போடப்பட்ட அந்த இரண்டரை அடிப் பாதையை நினைவுகூர்ந்ததற்கு நன்றி. ஆயினும், பாதை குறுகியதாக இருந்ததாலேயே அது நட்டத்தில் ஓடியது என்ற முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. இருபது பேர் காத்திருக்கும் ஊருக்கும் எஞ்சின், பெட்டிகள், கார்டு என ஒரு முழு ரயிலையே அனுப்பினால் எந்தப் பாதைதான் தாங்கும்? பாதைக்கு ஏற்ற வண்டி என்னும் கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை.

அந்தக் கேள்விக்கு அயர்லாந்தின் டோனிகால் மாவட்டத்தில் ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. அங்கே மூன்றடி அகலத்தில் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரயில்வே இருந்தது. மலையும் கரம்புமான, மக்கள் அடர்த்தி குறைந்த நாட்டுப்புறம் அது. 1910 முதல் அதன் மேலாளராக இருந்த ஹென்றி ஃபோர்ப்ஸ், பாதையைப் பார்வையிடுவதற்காக வாங்கப்பட்டிருந்த சிறிய பெட்ரோல் வண்டி ஒன்றை, 1926ஆம் ஆண்டு நிலக்கரி வேலைநிறுத்தத்தால் நீராவி எஞ்சின்களுக்குக் கரி கிடைக்காதபோது, தபாலும் பயணிகளும் ஏற்றிச் செல்லப் பயன்படுத்தினார். தட்டுப்பாடு காட்டிய வழியை அவர் விடவில்லை. பெட்ரோல் வண்டிகளைக் கொண்டு தொடர்ந்து சோதித்துப் பார்த்த பின், 1930களின் தொடக்கத்தில் 7, 8 என எண்ணிடப்பட்ட இரு டீசல் ரயில்கார்களை, அதாவது எஞ்சினும் பயணிகள் இருக்கைகளும் ஒன்றாக அமைந்த ஒற்றை வண்டிகளை, ஓட்டினார். 74 குதிரைத்திறன் கொண்ட கார்ட்னர் எஞ்சினும் 32 இருக்கைகளும் கொண்ட இவையே பிரிட்டிஷ் தீவுகளில் அன்றாடப் பயணச் சேவைக்கு வந்த முதல் டீசல் ரயில்கார்கள் எனக் கருதப்படுகின்றன. அவற்றின் வெளிக்கூடு பெரிய தொழிற்சாலை எதிலும் அல்லாமல், ஸ்ட்ராபேன் என்னும் சிற்றூரின் பட்டறையில் கட்டப்பட்டது என்பதை நம்மூர்ப் பட்டறைக்காரர்கள் அறிந்தால் மகிழ்வார்கள்.

நீராவி எஞ்சினைக் காலையில் புறப்படச் செய்ய விடியும் முன்பே அடுப்பு மூட்டிக் காத்திருக்க வேண்டும். டீசல் வண்டியை ஓட்டுநர் வந்து முடுக்கினால் போதும். எடை குறைவு என்பதால் எரிபொருளும் குறைவு, தண்டவாளத் தேய்மானமும் குறைவு. நிலையம் கட்ட வசதியில்லாத இடங்களிலும், சாலை குறுக்கிடும் கேட்டுகளிலும் அது நின்று ஆளை ஏற்றிக்கொண்டது. ஒரு முனையில் மட்டுமே ஓட்டுநர் இருக்கை இருந்ததால், பயண முடிவில் சுழல்மேடையில் வைத்துத் திருப்ப வேண்டிய சிரமம் இருந்தது உண்மைதான். 1934 முதல், எஞ்சின் பகுதி தனியாகவும் பயணிகள் பகுதி தனியாகவும் அமைந்து, வளைவுகளில் மடங்கிச் செல்லும் புதிய வகை, இங்கிலாந்தின் விகன் நகர வாக்கர் நிறுவனத்தின் எஞ்சின் பகுதியோடு வந்தது. பேருந்துப் போட்டிக்கு நடுவிலும் அந்த ரயில்வே 1959 டிசம்பர் 31 வரை பயணிகளை ஏற்றிச் சென்றதற்கு இந்த வண்டிகளே முதன்மையான காரணம் என்பது என் உறுதியான கருத்து. மூடிய பிறகும், 19, 20 எண்ணுள்ள இரு ரயில்கார்களை, அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையிலுள்ள மேன் தீவின் ரயில்வே 1961இல் வாங்கி ஓட்டியது.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்து எழுதவில்லை. பங்காருபேட்டையில் பிறந்து கோலாரில் ஆசிரியராகப் பணியாற்றியவன் நான். அந்தப் பகுதி அகலப்பாதையாக மாறிய பின், இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஓடிய டீசல் ரயில்பஸ்ஸில் பல ஆண்டுகள் சென்று வந்திருக்கிறேன். தங்கவயலிலிருந்து வந்து பங்காருபேட்டையில் மாறி ஏறும் தமிழ்க் குடும்பங்கள், பால் கேன்கள், மாணவர்கள் என அந்த ஒற்றை வண்டி நிரம்பியிருக்கும். அகலப்பாதையில் ஓடினாலும், டோனிகாலின் ரயில்கார் எந்தக் கணக்கில் பிறந்ததோ அதே கணக்கில் பிறந்த வண்டிதான் அதுவும். அது தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூடப் பெறாதது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது.

2013இல் சிக்கபள்ளாபூருக்கும் கோலாருக்கும் இடையே அகலப்பாதை இணைந்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இப்பாதையிலுள்ள நந்தி ஹால்ட், தேவனஹள்ளி போன்ற பழைய நிலையக் கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிப் பேசப்படும் இவ்வேளையில், கல்லையும் கூரை ஓடுகளையும் மட்டும் காப்பதோடு நில்லாமல், அந்த ரயில்பஸ்ஸின் படத்தையும் கதையையும் ஏதேனும் ஒரு நிலையத்தின் சுவரில் வைக்க ரயில்வே முன்வர வேண்டும். அதன் புகைப்படம் தங்கள் வாசகர்களில் யாரிடமாவது இருந்தால், அதை வாங்கி வெளியிடுமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு