ரெட் லாப்ஸ்டரைக் கவிழ்த்தது இறால் இல்லை, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அக்காவும் மச்சானும் ஹூஸ்டன் வந்ததும் ஒரு நாள் ரெட் லாப்ஸ்டருக்கு, ஊரெல்லாம் கிளை வைத்திருக்கிற அந்த அமெரிக்கக் கடல் உணவுக் கடைக்கு, கூட்டிப்போ என்று சொன்னதற்கு, "அது இறாலை அள்ளிக் கொடுத்தே திவாலான கடைதானே மாமா?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. உன்னைப்போல் நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால், எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

திவாலானது உண்மைதான். 2024 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், 20 டாலருக்கு வேண்டுமளவு இறால் என்பதை அவ்வப்போது வரும் சலுகையாக இல்லாமல் எப்போதும் கிடைக்கிற ஐட்டமாக மாற்றியிருந்தார்கள். ஜனங்கள் இடத்தை விட்டு எழுந்திருக்காமல் தட்டுத் தட்டாக வாங்கிச் சாப்பிட்டார்கள். 1.1 கோடி டாலர் நஷ்டம். இதே கடை 2003-இல் அளவில்லாத நண்டு போட்டும் கையைச் சுட்டுக்கொண்டது. சொல்வதற்குச் சுவாரஸ்யமான கதை என்பதால் செய்திகளில் இறாலே ஓடியது.

ஆனால் அதே மனுவில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023-இல் குத்தகை வகையில் மட்டும் அவர்கள் கட்ட வேண்டியிருந்தது 19 கோடி டாலருக்கு மேல். அதில் 6.4 கோடி, சரியாக ஓடாத கிளைகளுக்கு. இறாலில் போனதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்.

இவ்வளவு வாடகை எங்கிருந்து வந்தது? 1968-இல் புளோரிடாவின் லேக்லேண்ட் ஊரில் பில் டார்டன் ஆரம்பித்த கடை இது. இரண்டு வருடத்தில் ஜெனரல் மில்ஸ் என்ற உணவு நிறுவனம் வாங்கியது, பிறகு டார்டன் என்று தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2014-இல் டார்டன் இதைக் கோல்டன் கேட் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 210 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் கையோடு செய்த வேலை, சுமார் 500 கடைகளின் இடத்தை 150 கோடிக்கு வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றியது. போட்ட பணத்தில் முக்கால்வாசிக்குக் கிட்டே அதிலேயே வந்துவிட்டது. நேற்று வரை பெரும்பாலும் சொந்த இடத்தில் அடுப்பு மூட்டிய கடை, அன்றிலிருந்து தன் வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருந்தது. வியாபாரம் நன்றாக இருந்தவரை தெரியவில்லை. 2019-க்குப் பிறகு வருகிற கூட்டம் முப்பது சதவீதம் குறைந்ததும் வாடகை கழுத்தைப் பிடித்தது.

நடுவில் முதலாளியாக வந்த தாய்லாந்தின் தாய் யூனியன், தானே இறால் விற்கிற நிறுவனம். இறால் சலுகை முடிவு எப்படி எடுக்கப்பட்டது, மற்ற இறால் சப்ளையர்களை ஏன் விலக்கினார்கள் என்று விசாரித்து வருவதாக நிறுவனமே மனுவில் எழுதியது. மேலே இவ்வளவு நடந்திருக்க, பழி மட்டும் தட்டை நிரப்பிச் சாப்பிட்டவன் தலையில் விழுந்தது. அதுதான் எனக்குக் கோபம். கிளைகள் திடுதிப்பென்று மூடப்பட்டு, மேசை நாற்காலி அடுப்பெல்லாம் இணையத்தில் ஏலம் போனபோது, வேலையை இழந்தவர்கள் அங்கே தட்டு தூக்கியவர்கள்.

சரி, இப்போது கடை மீண்டுவிட்டது. 2024 செப்டம்பரில் புது முதலாளிகள் வந்தார்கள். நைஜீரியாவில் பிறந்த டமோலா அடமோலக்குன் தலைமைக்கு வந்தார், அப்போது அவருக்கு வயது 35. அவர் காலத்தில் சேர்த்ததில் நம் ஆட்களுக்கு ஏற்றது சீஃபுட் பாயில். இறால், நண்டுக்கால், சோளம், சிவப்பு உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் மசாலா வெண்ணெயில் புரட்டிப் பையோடு கொண்டுவந்து வைப்பார்கள். கேஜன் என்கிற லூசியானா பக்கத்து மசாலா கேள், காரம் சுமாராகவாவது இருக்கும். முக்கியமான விஷயம், அதைக் கையால்தான் சாப்பிட வேண்டும். பக்கத்து மேசைக்காரரும் முழங்கை வரை வெண்ணெயோடுதான் உட்கார்ந்திருப்பார். முள்கரண்டியைப் பார்த்துக் கூசுகிற அக்கா அங்கே நிம்மதியாக உட்காருவாள். நான் இந்தக் கடையைச் சொன்னதே அதற்காகத்தான்.

பாயிலுக்கு முன்னால் செடார் பே பிஸ்கட் சூடாக வரும். பெயர்தான் பிஸ்கட், உண்மையில் சீஸ் போட்ட மெத்தென்ற ரொட்டி. மேலே பூண்டு வெண்ணெய் தடவி, மேல்பக்கம் மொறுமொறுவென்று, உள்ளே பிட்டால் ஆவி வரும். 1992-லிருந்து கொடுக்கிறார்கள். கேட்டால் இன்னும் கொண்டுவருவார்கள், ஆனால் மச்சானை ஒன்றோடு நிறுத்து. அவருடைய பிரஷருக்கு இங்கே உப்பு அதிகம். கலோரிக் கணக்கு மெனுவிலேயே இருக்கும். 20 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகங்கள் அதை அச்சிட வேண்டும் என்று 2018-லிருந்து சட்டம். உப்பின் அளவையும் கேட்டால் எழுத்தில் காட்டியாக வேண்டும். தயங்காமல் கேள்.

லாப்ஸ்டரை மச்சானுக்கு ஒரு முறையாவது முழுசாக வாங்கிக் கொடு. தூத்துக்குடிக்காரருக்குச் சிங்கி இறால் புதிதில்லை, ஆனால் அதற்குப் பெரிய கொடுக்கு கிடையாது. இது அமெரிக்காவின் வடகிழக்கே மெய்ன் மாநிலக் கரையின் குளிர்கடலில் வளர்வது, முன்னால் இரண்டு தடித்த கொடுக்குகள் உண்டு. வாசலருகே தொட்டியில் அவற்றுக்கு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார்கள். பாக்குவெட்டி மாதிரி ஒரு இடுக்கி தருவார்கள். கொடுக்கைத் திருகிக் கழற்றி, அந்த இடுக்கியால் மேல் ஓட்டை உடைத்தால் கறி முழுசாக வரும். வால் கறியைவிட அதுதான் மிருது. உருக்கிய வெண்ணெயில் லேசாகத் தொட்டால் போதும்.

ஸ்டேக், அதாவது தடித்த மாட்டிறைச்சித் துண்டு, பற்றியும் கேட்டிருந்தாய். உனக்கு வேண்டுமானால் வாங்கிக்கொள், கடல் உணவோடு சேர்த்தே ஒரு தட்டாகவும் வைப்பார்கள். மீடியம் என்று சொல், அதற்கு மேல் வேகவைத்தால் தோல் மாதிரி ஆகிவிடும். ஸ்டேக்குக்காகவே போவதென்றால் வேறு கடைகள் இருக்கின்றன. இங்கே கடல்தான்.

அப்புறம் டிப்ஸ். டெக்சாஸில் டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். மத்திய அரசு அந்தத் தொகையை 1991-க்குப் பிறகு உயர்த்தவே இல்லை. டிப்ஸ் சேர்த்தும் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் வராவிட்டால்தான் மீதியை முதலாளி போட வேண்டும். மச்சான் பில்லைப் பார்த்து "எதுக்குப்பா இவ்வளவு?" என்பார். நீ இதைச் சொல்லி இருபது சதவீதம் வை.

போவதற்கு முன் கிளைக்குப் போன் பண்ணிவிடு. மூடின கிளைகளில் சில மேப்பில் இன்னும் நிற்கின்றன. எந்த சனிக்கிழமை என்று முடிவானால் எனக்கும் சொல், முடிந்தால் நானும் அத்தையும் டல்லாஸிலிருந்து வருகிறோம்.

அன்புடன்,
மாமா