எல் நினோ முன்னறிவிப்பும் பசிபிக் காற்றின் போக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்குனி, சித்திரை மாதங்களில் “எல் நினோ வருகிறது, இந்த ஆண்டு மழை பொய்க்கும்” என்ற செய்தி பல ஆண்டுகளில் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் நான்கு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் நான், அந்தத் தலைப்புகளை நம்பித் தோட்டச் செலவைக் கூட்டியும் குறைத்தும் பழகியவன். முன்னறிவிப்பவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. நூற்றுக்கு இத்தனை பங்கு வாய்ப்பு என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். அந்த எண்ணை உதிர்த்துவிட்டு “வருகிறது” என்று முடித்து எழுதும்போதுதான் என்போன்றோர் ஏமாறுகிறோம்.

அந்த எண் ஏன் நூறாக இருப்பதில்லை என்பதற்குக் காற்றுதான் பெரிய காரணம். பசிபிக் கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் வழக்கமாக வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் அது கீழ்காற்று. அது வெதுவெதுப்பான மேல்நீரைத் தென் அமெரிக்கக் கரையிலிருந்து இந்தோனேசியப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பதால், அங்கே கடல்மட்டம் பெரு நாட்டுக் கரையைவிடச் சுமார் அரை மீட்டர் உயர்ந்து நிற்கிறது. காற்று தளர்ந்தால் அந்த வெந்நீர் கிழக்கே திரும்பிப் பரவும்; இப்படிக் கிழக்குப் பசிபிக் சூடேறி நிற்கும் நிலைதான் எல் நினோ. கிழக்குக் கடல் சூடானால் காற்று இன்னும் தளரும். ஒன்றை ஒன்று தூண்டிவிடும் இந்தப் பிணைப்பை 1969-இல் வானிலை அறிஞர் யாக்கோப் பியர்க்னஸ் விளக்கினார்.

கடல் மெதுவாக மாறுவது; அதன் அடிநீரில் எவ்வளவு வெப்பம் சேர்ந்திருக்கிறது என்பதை மிதவைகள் மூலம் அளந்து சில மாதங்கள் முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிட முடியும். காற்று அப்படிப்பட்டதன்று. மேற்குப் பசிபிக்கில் சில நேரங்களில் ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து முரட்டு மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று, எழும். அது கடலின் மேல்பரப்புக்குக் கீழே கிளப்பிவிடும், கெல்வின் அலை என்னும் நீரடி அலை இரண்டு மூன்று மாதங்களில் பசிபிக்கைக் கடந்து மறுகரையைச் சூடேற்றும். ஆனால் அந்த மேல்காற்று அடுத்த மாதம் எழுமா, எழுந்தால் எத்தனை முறை எழும் என்பதை இரண்டு மூன்று வாரங்களுக்கு அப்பால் உறுதியாகச் சொல்ல இன்றுவரை வழி இல்லை. கணினி மாதிரிகளைத் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி, எத்தனை ஓட்டங்களில் எல் நினோ வருகிறது என்று பார்ப்பதும் இந்த நிச்சயமின்மையை அளக்கத்தான்.

இதற்கு 2014-ஆம் ஆண்டைவிட நல்ல சான்று இல்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் மேல்காற்று பலமாக வீசியது. கடலடியில் பெருமளவு வெப்பம் கிழக்கே நகர்ந்தது. 1997-ஐப் போன்ற பேரளவு எல் நினோ என்று பேச்சு எழுந்தது. குளிர்காலத்துக்குள் அது வர நூற்றுக்கு 80 பங்கு வாய்ப்பு என்று அமெரிக்க வானிலை மையம் ஜூன் மாதம் அறிவித்தது. ஆனால் தொடர்ந்து எழவேண்டிய மேல்காற்று எழவில்லை. ஜூனில் எதிர்த்திசைக் காற்றே ஓங்கியது. சேர்ந்த வெப்பம் கலைந்துபோயிற்று. 2015-இல் மேல்காற்று அடுத்தடுத்து எழவே, மிக வலிய எல் நினோக்களில் ஒன்று உருவானது. வேடிக்கை என்னவென்றால், எல் நினோ கைவிட்ட 2014-இலும் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை 12 விழுக்காடு குறைந்தது. மாபெரும் எல் நினோ வந்த 1997-இலோ மழை இயல்பாகவே பெய்தது.

இன்னொன்றும் உண்டு. மார்ச் முதல் மே வரையிலான காலத்தில் பசிபிக்கின் காற்றும் கடலும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்ந்திருப்பதால், அந்த மாதங்களில் செய்யப்படும் எல் நினோ முன்னறிவிப்புகளே எல்லாவற்றிலும் நம்பகம் குறைந்தவை. பருவமழை பற்றிய முதல் முன்னறிவிப்பு நம் நாட்டில் வெளியாவதும், நாளிதழ்களில் பெரிய தலைப்பு வருவதும் அதே ஏப்ரலில்தான்.

எங்களுக்குத் தலைக்கு மேலே, கோடைக்கானலில், 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனை ஆராய்ந்தால் பருவமழையின் போக்குப் பிடிபடும் என்ற எண்ணமும் அது அமையக் காரணமாயிற்று. விடையின் முக்கியமான ஒரு துண்டு வேறிடத்தில் கிடைத்தது: 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக்குக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஏற்றப்பலகைபோல ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார்.

எல் நினோ என்றாலே வறட்சி என்று தமிழ்நாட்டில் எழுதுவதும் பொருந்தாது. எங்களுக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில். எல் நினோ ஆண்டுகளில் அது பெரும்பாலும் கூடத்தான் செய்கிறது. 2015-இல் “வறட்சி” என்ற செய்தியைப் படித்துவிட்டு, பழைய தார்ப்பாய் கிழிந்திருந்தும் புதிது வாங்காமல் இருந்துவிட்டேன். அந்தக் கார்த்திகையில் களத்தில் பரப்பியிருந்த காப்பிப் பழம் நாள்கணக்கில் நனைந்தது. கிழிசல் வழியே ஒழுகிய இடங்களில் மட்டும் கை வைத்தால் குவியல் சூடாக இருந்தது, புளித்த வாடை வந்தது, நான்காம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, விலை பேசாமலே கீழே போட்டார். இதையும் விதியாகக் கொள்ள முடியாது. எல் நினோவுக்கு நேரெதிராகக் கிழக்குப் பசிபிக் குளிர்ந்திருக்கும் லா நினா நிலவிய 2021-இலும் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டியது.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. எல் நினோ செய்தி வெளியிடும்போது வாய்ப்பு விழுக்காட்டையும், அது எந்த மாதங்களுக்கானது என்பதையும் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே தாருங்கள். தென்மேற்குப் பருவத்துக்குச் சொன்னதை வடகிழக்குக்கும் சேர்த்துச் சொல்லாதீர்கள். ஏப்ரலில் எழுதியதோடு விட்டுவிடாமல், பசிபிக்கில் மேல்காற்று எழுந்ததா, கீழ்காற்று வலுத்ததா என்று மாதம் ஒருமுறை நான்கு வரி எழுதினால் போதும். வடகிழக்குப் பருவத்துக்கான முன்னறிவிப்பு செப்டம்பர் இறுதியையொட்டி வெளியாகிறது. அதுவும் ஏப்ரல் செய்தி வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வந்தால், பழம் பறிக்கத் தொடங்குமுன் வத்தலக்குண்டுக்கு இறங்கித் தார்ப்பாய் வாங்கிவர எனக்கு நாள் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு காப்பி விவசாயி,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.