வளரும் பிள்ளைக்கு ஏன் இந்தப் பட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த சினைப்பை நீர்க்கட்டி கட்டுரையில் சாப்பாடு, நடைப்பயிற்சி எல்லாம் விரிவாக இருந்தன. வயதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஸ்கேன் ரிப்போர்ட்டை நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, "மிஸ், எனக்குக் குழந்தையே பிறக்காதாமே?" என்று கேட்டாள். இரண்டு பக்கமும் பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று எழுதியிருந்தது. அவள் வயதுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் அதற்குள் சோற்றை நிறுத்திவிட்டார்கள். கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சலாகிவிடும் என்று அத்தைக்கும் சித்திக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை!

தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் இருக்கும் பெண் சிசுவின் சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகவும், வயதுக்கு வரும்போது 3, 4 லட்சமாகவும் குறைந்துவிடும். ஆயுள் முழுக்க வெளியே வருவது 400 சொச்சம்தான். மாதாமாதம் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கினாலும், முழுதாக முதிர்வது பெரும்பாலும் ஒன்றே. மூளையின் ஹார்மோன் கட்டளை சீராகச் சில வருடங்கள் பிடிக்கும். அதுவரை சில மாதங்களில் எதுவுமே முதிராமல் நின்றுவிடும். ஸ்கேனில் கறுப்பு வட்டங்களாகத் தெரிவது பெரும்பாலும் இந்தச் சிறு பைகளே. சினைப்பை பருமனில் உச்சத்தை எட்டுவதே 20 வயதை ஒட்டித்தான்.

அதனால்தான் 2023-ல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல், பூப்பெய்தி 8 ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (பிசிஓடி-யைத்தான் இப்படியும் சொல்கிறார்கள்) என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. அந்த வயதில் மாதவிலக்குக் கோளாறு, ஆண் ஹார்மோன் மிகுதி இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அந்த முடிவுக்கு வர வேண்டுமாம். வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுப்பது வேறு விஷயம். பூப்பெய்தி முதல் வருடம் கழிந்த பிறகும் ஒரு மாதவிலக்குக்கும் அடுத்ததற்கும் இடையே 90 நாளுக்கு மேல் ஆனாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதிலும் 'தானா சரியாகிடும்' என்று இருந்துவிடுகிற வீடுகள் உண்டு.

ரிப்போர்ட்டில் வயதோடு, பூப்பெய்தி எத்தனை ஆண்டு என்பதையும் குறித்தால் நல்லது. நீங்களும் அடுத்த முறை இதைப் பற்றி வெளியிடும்போது, பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தென்காசி.