கைப்பிடியின் வலுவையும் அளந்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) சிகிச்சை பெறும் பெண்களிடம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அவர்களுடைய கைகளால் இப்போது எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று கேட்கப்படுவதில்லை. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்த அளவான இ.எஸ்.ஆர். குறைந்திருக்கிறது, நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று கேட்டு நிம்மதியோடு வீடு திரும்பும் அதே பெண், பாட்டில் மூடியைத் திருக முடியாமல் பிறர் உதவியை நாடுகிறார். இயன்முறை சிகிச்சையாளராக நான் அடிக்கடி காண்பது இதைத்தான்.

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. விரல்களின் அடிமூட்டு, நடுமூட்டு, மணிக்கட்டு ஆகியவற்றையே பெரும்பாலும் பிடிக்கிறது. பெண்களின் பிடிவலு இயல்பாகவே குறைவு என்பதால், அதில் ஒரு பங்கு போனாலும் அன்றாட வேலைக்குப் போதாமல் ஆகிவிடுகிறது. ஈரத்துணியைப் பிழிய இரண்டு மணிக்கட்டுகளும் எதிரெதிராகத் திரும்ப வேண்டும். சாவியைத் திருப்பக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுந்த வேண்டும். வீங்கிய மூட்டு இந்த இரண்டு அசைவுகளுக்கும் இடம் கொடுப்பதில்லை. வீக்கம் வடிந்த பிறகும் வலு தானாகத் திரும்பிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. வலிக்குப் பயந்து மாதக்கணக்கில் பயன்படுத்தாத தசை மெலிந்திருக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் பழுதுபட்டிருக்கலாம்.

பிடிவலுவை அளக்கும் கருவி கையடக்கமானது. அழுத்திப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். உடுத்துதல், உண்ணுதல், குழாயைத் திருகுதல் முதலானவற்றைப் பற்றி 20 கேள்விகள் கேட்கும் படிவத்தை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 1980-லேயே வெளியிட்டுவிட்டார்கள். பிரிட்டனில் 490 நோயாளிகளிடம் நடந்து, 2015-இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் அச்சான 'சாரா' ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு முறையான கைப்பயிற்சியும் செய்தவர்களின் கைச்செயல்பாடு ஓராண்டுக்குப் பிறகும் மேம்பட்டிருந்தது. பயிற்சியால் வலி கூடவில்லை. மூட்டு தேய்ந்துவிடும் என்று அஞ்சிக் கையை அசைக்காமல் வைத்திருப்பவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

மருந்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்யச் சொல்லவில்லை, மருந்துதான் அடிப்படை. ஆனால் ஒவ்வொரு வருகையிலும் இரு கைகளின் பிடிவலுவையும் அளந்து மருத்துவக் குறிப்பேட்டில் எழுத வேண்டும், அது குறைந்தால் கைப்பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்பதை மருத்துவமனைகள் நடைமுறையாக்க வேண்டும். 'வயதானால் அப்படித்தான்' என்று வீட்டிலுள்ளோர் சொன்னாலும் பொருட்படுத்தாமல், எந்த வேலை கையை விட்டுப் போயிருக்கிறது என்பதைப் மருத்துவர் கேட்காவிட்டாலும் பெண்களும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளரான ஒரு வாசகி