கிறிஸ்தவப் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு தாயின் மடல்

வீட்டுக் கல்விக்காகக் கணக்கும் வரலாறும் எழுதி வெளியிடும் அன்புச் சகோதர சகோதரிகளுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஏழு. இருவருக்கும் வீட்டிலேயே நான்தான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் பாடம் தொடங்குவதற்கு முன் உங்கள் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, எதை எடுப்பது, எதை விடுவது என்று பல நாள் யோசிக்கிறேன். அப்படி யோசித்ததில் மனதில் தங்கியதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சென்ற ஆண்டு வாங்கிய ஒரு புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வேதவசனம் இருந்தது. கழித்தல் பாடத்திலோ 'பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கு' என்ற விதியைத் தவிர வேறு விளக்கமே இல்லை. 402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னேன். மகன் 376 என்று எழுதினான். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருந்தான். பூஜ்ஜியத்திடம் எப்படிக் கடன் வாங்குவது? பிள்ளைக்கு அது புரியவில்லை, தெரிந்த வழியில் போய்விட்டான். புத்தகத்தை மூடிவிட்டுக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினோம், பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாக்கினோம். ஒரு நூறை அவிழ்த்தால் பத்துக் கட்டு. அதில் ஒரு கட்டை அவிழ்த்தால் பத்துக் குச்சி. 402 என்பது 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று என்று அவனே கண்ணால் பார்த்த பிறகு 224 சிரமமில்லாமல் வந்தது.

கையால் தொட்டு, படமாகப் பார்த்து, அப்புறம் எண்ணாக எழுதுவது என்ற இந்த வரிசையை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களிலேயே விளக்கிவிட்டார். சிங்கப்பூர் 1980-களில் தன் தொடக்கப் பள்ளிக் கணக்கை அதன்மேல்தான் கட்டியது. அதை எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தடை? இடமதிப்பு புரியாத பிள்ளைக்குப் பக்கத்தின் ஓரத்தில் உள்ள வசனம் கணக்கைச் சொல்லித்தராது. வசனமும் அங்கே வெறும் அலங்காரமாகிவிடுகிறது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

வேதத்தில் உண்மையான கணக்கு இருக்கிறதே! எருசலேமில் தண்ணீருக்காகப் பாறையைக் குடைந்து வெட்டிய சீலோவாம் சுரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எசேக்கியா ராஜா தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தார் என்று 2 இராஜாக்கள் 20 சொல்கிறது. அந்தச் சுரங்கத்தின் சுவரில் ஒரு கல்வெட்டு 1880-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒருவர் குரலை மற்றவர் கேட்டார்கள் என்றும், ஊற்றிலிருந்து குளம்வரை 1,200 முழம் என்றும் அதில் இருக்கிறது. இன்று அளந்தால் ஏறக்குறைய 533 மீட்டர். அதாவது 53,300 சென்டிமீட்டர். இதை 1,200-ஆல் வகுக்க, இரண்டு எண்ணிலும் இரண்டு பூஜ்ஜியங்களை அடித்துவிட்டால் 533-ஐ 12-ஆல் வகுக்கும் கணக்கு. ஒரு முழம் 44 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மகன் உடனே ஓடிப்போய் அப்பாவின் கையை முழங்கையிலிருந்து விரல்நுனிவரை அளந்தான். மறுநாள் நோவாவின் பேழை 300 முழம் என்றால் எத்தனை மீட்டர் என்று அவனாகவே போட்டுப் பார்த்தான். இப்படி ஒரு பாடத்தை உங்கள் புத்தகத்தில் நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

வரலாற்றில் என் கவலை இன்னும் பெரியது. நாங்கள் பார்த்த சில நூல்களில் சபையின் கதை ரோமாபுரியின் உபத்திரவத்தில் தொடங்குகிறது. 313-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்து விடுதலை வருகிறது. அங்கிருந்து ஒரே தாவலில், லூத்தரின் சீர்திருத்தம் தொடங்கிய 1517-க்குப் போய்விடுகிறது. நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்துவை ஏற்ற எத்தியோப்பியா எங்கே? ஆர்மீனியா எங்கே? பாரசீகத்தில் வேரூன்றிய 'கிழக்கின் சபை' சீனாவரை போனதற்குச் சாட்சியாக 781-இல் அங்கே நாட்டிய கல் இன்றும் நிற்கிறது. அதைப் படிக்காத பிள்ளை, நம் விசுவாசம் ஐரோப்பாவின் சொத்து என்று நினைத்தே வளரும்.

1099-இல் சிலுவைப்போர் வீரர்கள் எருசலேமைப் பிடித்தபோது அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தார்கள். ஒரு புத்தகம் அந்தப் படையின் வீரத்தை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. சிறு பிள்ளைகளுக்கு இரத்தத்தை விவரிக்க வேண்டாம், சரி. அங்கே பெரிய அநியாயம் நடந்தது என்று ஒரு வரி சொல்லலாமே. அடிமை வியாபாரத்தைக் காக்க வேதத்தைக் காட்டியவர்கள் இருந்தார்கள். அதே வேதத்தைப் பிடித்துக்கொண்டு பிரிட்டனில் அதை எதிர்த்துப் போராடி 1807-இல் சட்டத்தால் நிறுத்தச் செய்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாவீது செய்த பாவத்தை 2 சாமுவேல் மறைக்கவில்லை. பேதுருவின் மறுதலிப்பு நான்கு சுவிசேஷங்களிலும் இருக்கிறது. நம் பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள். பன்னிரண்டு வயதில் வேறொரு புத்தகத்தில் படித்துவிட்டு, "அம்மா, இதை ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்டால்தான் என்னால் தாங்க முடியாது.

நடைமுறைக்குச் சில வேண்டுகோள்கள். கணக்கு நூலை வகுப்பின் பெயரால் விற்காமல், பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு சிறு தேர்வு கொடுங்கள். என் மகள் கூட்டலில் அண்ணன் அந்த வயதில் இருந்ததைவிட வேகம், நேரம் பார்ப்பதில் பின்தங்கியிருக்கிறாள். விடைப் பகுதியில் விடையோடு, பிள்ளை எங்கே தடுமாறும் என்பதையும் எழுதுங்கள். வரலாற்றை நாங்கள் மூவரும் ஒரே மேசையில் படிக்கிறோம். அதனால் ஒரே பாடத்தில் சின்னவளுக்குக் கதையும், பெரியவனுக்குக் காலக்கோடும் கேள்விகளும் இருந்தால் போதும். படைப்பின் காலத்தைப் பற்றியும் சபைப் பிரிவுகளைப் பற்றியும் உங்கள் நிலைப்பாடு எதுவோ அதை முன்னுரையிலேயே சொல்லிவிடுங்கள். மாறுபட்டால் நான் பேசிப் புரியவைத்துக்கொள்வேன்.

அடுத்த பதிப்புக்கு முன் ஒரு பாடத்தையாவது அச்சுக்குப் போகுமுன் எங்களைப் போன்ற வீடுகளுக்கு அனுப்புங்கள். இரண்டு பிள்ளைகளோடும் படித்துப் பார்த்து, எந்த வரியில் கண் விரிந்தது, எந்த வரியில் பென்சிலைக் கீழே வைத்தார்கள் என்று ஓரத்தில் குறித்து அந்த வாரமே திருப்பி அனுப்புகிறேன்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
வீட்டில் பாடம் சொல்லும் ஒரு தாய்